விட்டுப் போன கூடைகள்

சிலிம் ரிவரில் பதினான்கு வருடம் ஒரே கடை.
நெஞ்சில் குத்திய அட்டையில்
கோகிலவாணி, மேலாளர்.
ஏழாம் தேதி தோட்டத்தில் சம்பளம்,
எட்டாம் தேதி கடையில் கால் வைக்க இடமிருக்காது.
இருபதுக்கு மேல்
கல்லாப்பெட்டிகள் கொட்டாவி விடும்.

இரவு கடை மூடும் முன் ஒரு வேலை.
யாரும் சொல்லித் தந்ததல்ல.
கல்லா ஓரம், மிட்டாய் அலமாரிக்குக் கீழே
விட்டுப் போன கூடைகளைப் பொறுக்குவது.
ஒன்றில் அரிசி, மத்தி டின், இளகிப்போன ஐஸ்கிரீம்.
இன்னொன்றில் எல்லாம் இருக்கும்,
பால்மாவு மட்டும்
பிஸ்கட் வரிசையில் போய் ஒளிந்திருக்கும்.
கூடையைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்.

பரசுராமன் அண்ணன், செம்பனைக் குலை வெட்டுகிறவர்.
கல்லாவில் தொகை விழுந்ததும்
அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்து
"ஆங், ஆங், இதோ" என்று வெளியே போனார்.
திரும்பவில்லை.
மறுநாள் விலை காட்டும் இயந்திரத்தைக்
கல்லா பக்கமிருந்து கழற்றி
பால்மாவு வரிசையின் கடைசியில்
தூணுக்குப் பின்னால் மாட்டினேன்.
ஒருவர் தன் கணக்கை
யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.
அனுமதியின்றித் தூணில் துளையிட்டதற்குத்
தலைமையகம் விளக்கம் கேட்டு எழுதியது.
நான் செய்ததற்கு ஒரு பெயர் உண்டென்று
அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெயர் தெரிந்தபோது வயது முப்பத்தொன்பது.
பயனர் அனுபவ வடிவமைப்பு.
பத்தரை மணிக்கு மேல் இணைய வகுப்பு,
திரையில் கட்டம், கட்டத்துக்குள் கட்டம்.
எட்டிப் பார்த்த மாமியார்
"யாரு ஜாதகம்?" என்றார்.
மறுநாளே அடுத்த வரிசை அல்லிராணி
மகனின் குறிப்போடு வந்து நின்றாள்,
முப்பத்து நாலாகிறதாம், ஒன்றும் அமையவில்லையாம்.
வாங்கிப் பார்த்தேன்.
எனக்குப் பட்ட தோஷம் ஒன்றுதான்:
எழுத்து ரொம்பச் சின்னது.

வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர்.
வேலை மாறினால் எவ்வளவு குறையும் என்று
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
ஆயிரத்து நானூறு ரிங்கிட்.
ஒன்றும் சொல்லவில்லை,
ஆஸ்ட்ரோவை நிறுத்தினார்.

நேர்முகத்தை ஸ்டோரில் உட்கார்ந்து பேசினேன்,
பின்னால் கழிவறைக் காகிதப் பெட்டிகள் சுவராக.
கணினிக்குள் மூன்று முகம்,
மூன்றும் என் முதல் கேஷியரைவிட இளசு.
ஒரு வரைபடம் காட்டினார்கள்:
நூற்றில் அறுபத்தெட்டு பேர்
கடைசிப் படியில் கூடையை விட்டுவிடுகிறார்கள்.
ஏன் என்று நினைக்கிறீர்கள்?
கோடு சரிந்த இடத்தில்
பரசுராமன் அண்ணனின் முதுகு தெரிந்தது.
"அனுப்பும் செலவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்," என்றேன்,
"பணம் கட்ட நிற்கும்போது சொல்லாதீர்கள்."
ஒரு பெண் குறித்துக்கொண்டாள்.
ஒருவன் கேமராவை அணைத்தான்.
"அனுபவம் எத்தனை வருடம்?"
வாய் "ஆறு மாதம்" என்றது.
இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது
அந்தப் பதிலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

எப்படியோ எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில்
அதே கடைக்குள் வெறுங்கழுத்தோடு நுழைகிறேன்,
அட்டை இல்லை, சாவிக்கொத்து இல்லை.
இயந்திரம் திரும்பக் கல்லாவுக்கே போய்விட்டது.
தூணில் நான்கு துளை,
பூசி அடைத்திருக்கிறார்கள், சாயம் அடிக்கவில்லை.
கை பாட்டுக்குப் பால்மாவு டின்களை
முகம் முன்னால் தெரியத் திருப்பி வைக்கிறது.
"அக்கா, நீங்க இப்ப கஸ்டமர்" என்கிறான் புதுப் பையன்.

பக்கத்தில் கம்பூட்ஸ் போட்ட ஒருவர்,
எந்தத் தோட்டமோ, எந்த நாடோ,
டின்னைத் தூக்கி அடியைப் பார்க்கிறார்,
மூடியைப் பார்க்கிறார்,
கல்லாவை ஒருமுறை பார்க்கிறார்.

எழுபத்திரண்டு தொண்ணூறு என்றேன்
மலாயில், மெதுவாக,
அவரைப் பார்க்காமல்.